அளக்கும் முன் சொல்லு

லேத்தை நிறுத்திவிட்டு மைக்ரோமீட்டரை எடுக்கப் போன பையனை ஃபோர்மேன் தடுத்தார். "இரு கண்ணு. எவ்வளவு இருக்கும்னு மொதல்ல நீ சொல்லு."

பையன் ஜாப்பைப் பார்த்தான். கிராஸ் ஸ்லைடின் டயலைப் பார்த்தான். "இருபத்தஞ்சு புள்ளி மூணுங்ணா."

"சரி, அள."

25.38 வந்தது. ஃபோர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. கியர் பாக்ஸ் மூடியில் சாக்பீஸால் 8 என்று எழுதிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். அந்த மூடியில் ஏற்கெனவே மேலிருந்து கீழாக எண்கள் இருந்தன: 20, 15, 17, 11. சொன்னதற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில்.

கோவை கணபதிப் பக்கம், பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர மெஷின் ஷாப் அது. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் அப்ரண்டிஸாக வருகிறார்கள். அரசுத் தாள்களில் அவர்களுக்குத் தொழிற்பழகுநர் என்று பெயர். ஷாப்பில் எல்லாருக்கும் பொதுவாக "பசங்க"தான், பெண் பிள்ளைகளையும் சேர்த்து.

டயல் 25.3 காட்டும்போது ஜாப் ஏன் 25.38 இருந்தது? பழைய லேத்தின் திருகில் பிளே உண்டு. கைப்பிடியைத் திருப்பிய அளவுக்கு டூல் நகர்ந்திருக்காது. டூல் முனையும் தேய்ந்திருக்கும். மெஷினுக்கு மெஷின் இது மாறும். "இந்த மெஷின் எவ்வளவு பொய் சொல்லும்னு தெரிஞ்சவன்தான் டர்னர்" என்றார் ஃபோர்மேன். கண்ணால் அளவை ஊகிக்கும் வித்தையை அவர் கேட்கவில்லை. எத்தனை கோடு கொடுத்தோம், டூல் எப்போது தீட்டியது, சீவல் என்ன நிறத்தில் வருகிறது, சத்தம் மாறியதா என்று எல்லாவற்றையும் மனதில் கூட்டிக் கழித்து ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். நேராக மைக்ரோமீட்டரை வைத்துவிட்டால் விடை கிடைத்துவிடும். இந்தக் கணக்கு மட்டும் நடக்காது.

சூடும் அந்தக் கணக்கில் சேரும். பையன் கடைந்துகொண்டிருந்த பம்ப் தண்டின் ஒரு முனையில் 6205 பேரிங் உட்காரவேண்டும். அதன் துளை 25 மில்லிமீட்டர். கடைசலில் கொஞ்சம் கூடுதலாக விட்டு, கிரைண்டிங்கில் முடிக்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடத்துக்கு k6 என்று போட்டிருந்தது. அதாவது 25.002 முதல் 25.015 வரை. மொத்த இடைவெளி 13 மைக்ரான். அறை வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் எஃகுத் தண்டு, அந்தக் கனத்தில், 8 மைக்ரானுக்கு மேல் விரிந்துவிடும். சூட்டோடு அளந்து "சரி" என்று அனுப்பினால் ஆறிய பிறகு பேரிங் தளர்ந்து உட்காரலாம். பம்ப் கிணற்றடிக்குப் போய், தண்டு பேரிங்குக்குள் வழுக்கிச் சுற்றித் தேய்ந்த பிறகுதான் விவசாயிக்கு அது தெரியவரும்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பெண்ணின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேதி, செய்த வேலை, பயன்படுத்திய கருவி, மேற்பார்வையாளர் கையெழுத்து என்று கட்டங்கள். பக்கத்துக்குப் பக்கம் "பிளெயின் டர்னிங் செய்தேன்", "ஃபேசிங் செய்தேன்". கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டவை என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சாக்பீஸ் எண்கள் எங்கே ஏறும் என்று கேட்டேன். "அது எங்கீங்க சார் ஏறும்? சனிக்கிழமை மெஷின் தொடைக்கறப்பப் போயிடுமுங்க."

ஆண்டு முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு உண்டு. அதன் செய்முறைப் பகுதியில் வரைபடம் கொடுப்பார்கள், ஜாப் செய்து ஒப்படைக்க வேண்டும், அளவுக்கு மதிப்பெண். தேர்ச்சி பெற்றால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். முடிந்த பொருளைத்தான் அந்தச் செய்முறைத் தேர்வு முக்கியமாகப் பார்க்கிறது. மூன்று முறை மூச்சுப் பிடித்து, அரை மணிக்கு ஒருதரம் அளந்து, தப்பித்தவறி அளவுக்கு வந்த ஜாப்பும், தெரிந்து நிறுத்திய ஜாப்பும் மேசையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலமே மேல் என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. அதற்கு முன்பும், கோவையின் சின்னப் பட்டறைகளில் அதற்குப் பின்பு பல காலமும், பையன்கள் சீவல் கூட்டி, டீ வாங்கி வந்து, பெரியவர் மனம் கனிகிற நாளுக்காகக் காத்திருந்துதான் தொழில் கற்றார்கள். டூல் தீட்டுகிற கோணத்தைச் சிலர் முதுகைத் திருப்பி மறைத்துக்கொள்வார்களாம். யாருக்குச் சொல்லித்தருவது என்பதைச் சொந்தமும் சாதியும் முடிவு செய்தன. அந்த வாசலில் பெண் பிள்ளைக்கு இடமே இல்லை. இன்று அவள் ஏப்ரன் போட்டு லேத் முன் நிற்கிறாள் என்றால், நான் கேலியாகப் புரட்டிய அந்த நோட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டத்தின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளர் அல்லர் என்கிறது அது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. 2019 விதித் திருத்தம் உதவித்தொகையைப் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக வைத்தது. குறைந்த கூலிக்கு ஓராண்டு ஆள் என்றே இதைக் கணக்குப் போடும் முதலாளிகள் உண்டு. அங்கெல்லாம் பிள்ளைகள் பன்னிரண்டு மாதமும் ஒரே டிரில்லிங் மெஷினில் ஒரே துளையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் நோட்டு நிரம்பும்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது வரும் பிள்ளைகள் சிலர் ஷாப்பில் இருப்பதைவிடப் புதிய மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதுப்பித்தது. ரோபோவும் சி.என்.சி.யும் அங்கே உண்டு. சி.என்.சி.யில் ஒரு முறை சரிக்கட்டிவிட்டால் டயலின் பொய்யைப் பற்றிக் கவலையில்லை. அப்படிப் பழகிவிட்டு வந்து இந்தக் கிழட்டு லேத் முன் நிற்கும்போது முதல் வாரம் முகம் சுருங்கிவிடுகிறது என்றார் ஃபோர்மேன். அதில் அவருக்கு லேசான குஷிதான்.

டீ குடிக்கும்போது அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். மூடியில் எழுதி அழிக்கும் எண்களுக்கு நோட்டிலேயே ஒரு கட்டம் போட்டால் என்ன? "சொன்ன அளவு", "அளந்த அளவு" என்று இரண்டு பத்திகள் போதும். ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் எப்படிக் குறைந்தது என்பதைத் தேர்வாளரும் பார்ப்பாரே. எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

டம்ளரைக் கீழே வைத்தார். "வேண்டாங்க. மார்க்குன்னு ஆச்சுன்னா, பசங்க நான் வர்றதுக்கு முன்னாடியே அளந்து வெச்சுட்டு, அப்புறம் என்கிட்ட யோசிக்கிற மாதிரி நின்னுட்டுச் சொல்லுவாங்க. நான் அவங்க வயசுல அதைத்தான் பண்ணியிருப்பேன்."