சாம்பல்தீவில் ஒரு வாக்குக் கணக்கு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே சென்றால் சாம்பல்தீவு வரும். 2024 நவம்பர் 14ஆம் திகதி, பாராளுமன்றத் தேர்தலன்று மாலை, அங்கே என் பெரியம்மாவின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வீட்டுச் சின்னத்துக்குத்தான் தம்பி. இல்லாட்டி இருக்கிற ஒரு கதிரையும் போயிடும்."

அவருடைய பேத்தி சிரித்தாள். "கதிரை இருந்து என்ன அம்மம்மா, எனக்கு வேலையெல்லோ வேணும்" என்றாள். தான் யாருக்குப் புள்ளடியிட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை.

பெரியம்மாவின் அச்சம் வெறும் கற்பனையன்று. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். 2012இல் முஸ்லிம்கள் சுமார் 40 சதவீதம், தமிழர் 30, சிங்களவர் 27. மாவட்டத்துக்குரிய ஆசனங்களோ நான்கு. அவற்றுள் ஒன்று, முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாகக் கிடைப்பது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் இங்கிருந்து தமிழர் எவரும் தெரிவாகவில்லை; இரா. சம்பந்தனும் தோற்றார். அந்த ஆண்டை இவ்வூர் முதியோர் இன்னும் மறக்கவில்லை. 2024இல் ஏனைய இடங்களில் பிரிந்து நின்ற தமிழ்க் கட்சிகள் சில இங்கு ஒரே சின்னத்தில் போட்டியிட்டமைக்கும் அந்த அச்சமே காரணம். மூதூரிலும் சேருவிலவிலும் இதே கணக்கை வேறு மொழியிலும் வேறு உச்சரிப்பிலும் கேட்டிருக்கிறேன்.

ஆனால், இதே மக்கள் ஜனாதிபதித் தேர்தலில் வேறு விதமாக வாக்களிக்கிறார்கள். 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கும் 2019இல் சஜித் பிரேமதாசவுக்கும் இம்மாவட்டம் 70 சதவீதத்துக்கு மேல் வழங்கியது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பக்கம் நின்றிராவிட்டால் அது நடந்திராது. பகிர்ந்துகொள்ள ஆசனம் இல்லாத இடத்தில், பக்கத்து ஊரான் போட்டியாளனாக இருப்பதில்லை. ஆகவே, இனம் மட்டும் வாக்கைத் தீர்மானிப்பதில்லை. ஆசனங்களைப் பங்கிடும் முறையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

அன்றிரவு முடிவுகள் வரத் தொடங்கின. தேசிய மக்கள் சக்தி 40 சதவீதத்துக்கு மேல் பெற்று இரண்டு ஆசனங்களை வென்றது. சிங்கள வாக்குகளால் மட்டும் அத்தொகை சேர்ந்திருக்க முடியாது. தமிழரசுக் கட்சி 17 சதவீதத்தை எட்டவில்லை. எனினும் அதன் ஒரு கதிரை தப்பியது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், தேர்தல் இரவுகளில் நான் ஒரு கொப்பி வைத்திருப்பேன். தொகுதி, இனம், சதவீதம் என மூன்று பத்திகள். பெரும்பாலும் என் கணிப்பு பலித்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மக்களை எண்களாக எண்ணி எழுதியதன் மூலம், "உங்கள் எண்ணிக்கையே உங்கள் கதி" என்று அவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலும்.

பெரியம்மா நிம்மதியாக உறங்கச் சென்றார். பேத்தி கைத்தொலைபேசியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கொப்பியில் அவளை எழுதுவதற்கு ஒரு பத்தி இருக்கவில்லை.