ஓசையறிந்து நோயறிதல்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்னும் பகுதியைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை ஆய்ந்து, பின்னரே தணிக்கும் வழியில் இறங்குதல் வேண்டும் என வள்ளுவர் வகுத்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்டிருக்கிறோம். ஆயினும் அவ்வரிசையை நமக்கு உள்ளபடியே கற்பித்தவர், எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஆவார்.

நம் வாப்பா 1994ஆம் ஆண்டில் வாங்கிய நூறு சி.சி. வண்டியொன்று இன்றும் நம் வீட்டில் உள்ளது. ‘டூ ஸ்ட்ரோக்’ என மக்கள் வழங்கும் இரு வீச்சு இஞ்சின் கொண்டது. நான்கு வீச்சு வண்டியில் பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒருமுறை எரிபொருள் எரிந்து ஆற்றல் தரும். இரு வீச்சு வண்டியிலோ ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் அது நிகழ்ந்துவிடும். பெட்ரோலோடு சிறிதளவு எண்ணெயும் சேர்ந்தே எரியும். ஆதலின் அதற்கெனத் தனி ஓசையும் தனி மணமும் உண்டு. வாப்பா வஃபாத்தான பின்னர் அவ்வோசையைக் கேட்கும்போதெல்லாம் அவர் வாசலில் வந்திறங்குவது போன்றதோர் உணர்வு நமக்கு எழும். அதனாலேயே அவ்வண்டியை விற்க மனம் ஒப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வண்டி தளர்ந்தது. திருநெல்வேலிச் சந்திப்பில் திருவள்ளுவர் பெயர் தாங்கி நிற்கும் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் இரைச்சலிடும், ஆனால் முன்னேறாது. மிதிவண்டிக்காரரும் நம்மை முந்திச் செல்வார். ஒரு பட்டறையில் காட்டினோம். வண்டியை ஓட்டிப் பாராமலேயே, “இஞ்சின் போய்விட்டது; சிலிண்டருக்குப் போர் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும். இல்லையேல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்றனர். நாமும் பெரிதும் மனம் சோர்ந்து, அதற்கு இசைந்துவிடும் நிலையில் இருந்தோம்.

அந்நிலையில்தான் மேலப்பாளையத்தில் வாப்பாவுக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். ஸலாம் உரைத்து, “காக்கா, இஞ்சின் போய்விட்டதாம்” என்றோம். அவர் மறுமொழி கூறாது வண்டியில் ஏறித் தெருக்கோடி வரை சென்று திரும்பினார்.

“தம்பி, ஏத்தத்துல ஆக்சிலேட்டரைத் திருகினா சத்தம் கூடுதா, குறையுதா?” என வினவினார்.

“கூடுகிறது” என்றோம்.

“அப்ப இஞ்சினைக் குறை சொல்லாதீங்க. நோவு இஞ்சின்ல இருந்தா சத்தமே எழும்பாது. இது கத்துது, ஆனா சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல கிளட்ச்சைப் பாக்கணும்.”

அதன்பின் பிளக்கைக் கழற்றி அதன் முனையைக் காட்டினார். அது காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. முனை கறுத்து எண்ணெய் பிசுபிசுத்தால் எரிபொருளோ எண்ணெயோ மிகுதி, அன்றேல் தீப்பொறி வலுவின்மை. வெளுத்திருந்தால் எங்கோ காற்றுப் புகுந்து எரிபொருள் குறைகிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். காப்பித் தூள் நிறமே நலத்தின் அடையாளம் என்றார். புகைபோக்கியையும் பார்த்தார். கரி படிந்து சைலன்சர் அடைபட்டிருப்பின் வேகம் கூடும்போது இஞ்சினின் குரல் அடங்கும். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் கிழிந்திருப்பின் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெண்புகை அடர்ந்து வரும். இவ்விரண்டும் இல்லை என உறுதி செய்தார்.

இறுதியாகக் கிளட்ச் பிடியைத் தொட்டுப் பார்த்து, “கேபிளை இவ்வளவு இறுக்கினது யாரு?” என்றார். நாமேதான்! கியர் மாற்றும்போது உராயும் ஓசை கேட்டதால், இறுக்கினால் நலமாகும் என எண்ணிச் சில மாதங்களுக்கு முன் திருகி வைத்திருந்தோம். பிடியின் அடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவு தளர்வு இருத்தல் வேண்டும். அத்தளர்வு இல்லையேல், கையை எடுத்த பின்னரும் பிடி சிறிது இழுபட்ட நிலையிலேயே நிற்கும். சுருள்வில்கள் பிளேட்டுகளை முழுதும் அழுத்த இயலாது. பிளேட்டுகள் வழுக்கித் தேயும். ஆற்றல் பிறந்தும் பயனின்றிச் சூடாகவே வீணாகும். தேய்ந்த பிளேட்டுகளை மாற்றிக் கேபிளைத் தளர்த்தியதும் வண்டி முன்போல் பாலமேறியது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வருகைக் குறைவால் தேர்வெழுதத் தகுதியிழப்போர் பட்டியலில் அப்போது நாம் ஒரு மாணவனின் பெயரை எழுதி வைத்திருந்தோம். வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாக விடை கூறுவான்; தாளில் ஒன்றுமிராது; முதல் மணி வகுப்பில் உறங்குவான். ‘படிப்பு ஏறாதவன்’ என்பதே நம் முடிவு. ஒவ்வொரு முறையும் மேலும் மேலும் கண்டித்து இறுக்கினோமேயன்றி ஒருமுறையேனும் காரணம் வினவினோமில்லை.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து வினவினோம். தந்தை படுக்கையில் இருப்பதால் நள்ளிரவு முதல் விடியும் வரை ஒரு ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைந்துவிட்டு, ஃபஜ்ருத் தொழுகை முடித்து நேரே கல்லூரிக்கு வருவதாகச் சொன்னான். துறைத்தலைவரிடம் எடுத்துரைத்தோம்; ஜமாஅத்துப் பெரியவர்கள் அவனுக்குப் பகற்பொழுதில் வேறு பணி தேடித் தந்தனர். அவன் தேர்வெழுதினான். இரண்டு தாள்களில் தவறினான், மறுதேர்வில் தேறினான்.

ஆனால் அவனுக்கு முந்திய ஆண்டில் அவனைப் போன்றே வகுப்பில் உறங்கிய வேறொரு மாணவன், மாற்றுச் சான்றிதழ் கேட்டு நம்மிடம் வந்து நின்றான். ஏன் என்று கேளாமலேயே கையொப்பமிட்டோம். அவன் இன்று எங்கிருக்கிறான் என அறியோம். வாப்பாவின் வண்டியைப் பழைய இரும்புக்குத் தராது காத்த நாம், அவனைக் காக்கத் தவறினோம். அக்கையொப்பம் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

ஆசிரியப் பணி ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்களே! பழுதெனத் தீர்ப்பளிக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஓசையைக் கேளுங்கள், நாம் இறுக்கியதால் நேர்ந்த தேய்வோ என நம்மையே வினவிக்கொள்வோம். அத்தகைய செவியையும் பொறுமையையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!