வெடித்த நட்சத்திரத்தின் தூசி... தேடிப் பிடித்த அட்டகாமா பாலைவனம்!

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் இருக்கிறது அட்டகாமா. உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்று. இரவில் மேகம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அதனால்தான் இங்குள்ள மலைகளில் வரிசையாக டெலஸ்கோப்கள் முளைத்திருக்கின்றன.

பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் லாஸ் காம்பனாஸ் ஆய்வகம். 1987, பிப்ரவரி 24 அதிகாலை. டெலஸ்கோப் இயக்குநர் ஆஸ்கர் டுஹால்டே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். 'பெரிய மெகல்லன் மேகம்' என்ற குட்டி கேலக்ஸியில் புதிதாக ஓர் ஒளிப்புள்ளி! அதே இரவில் இயன் ஷெல்டன் எடுத்த படத்திலும் அது பதிவாகியிருந்தது. வெடித்துச் சிதறிய ராட்சத நட்சத்திரம் அது. 1604-க்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் ஒரு சூப்பர்நோவாவை மனிதர்கள் பார்த்ததில்லை.

பக்கம் என்றால்? அங்கிருந்து ஒளி வந்து சேரவே 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

வெளிச்சம் சில மாதங்களில் மங்கிவிட்டது. ஆனால், விஞ்ஞானிகள் கண்ணை எடுக்கவில்லை. பூமி போன்ற கோள்கள் உருவாகத் தூசி வேண்டும். அந்தத் தூசி இப்படிப்பட்ட வெடிப்புகளில்தான் பிறக்கிறதா? அதுதான் கேள்வி.

2011-ல் ஹெர்ஷல் விண்வெளி டெலஸ்கோப் ஒரு துப்பு கொடுத்தது. ஏறக்குறைய பாதி சூரியன் எடைக்கு அங்கே தூசி இருந்தது. அது வெடிப்பில் பிறந்ததா, முன்பே சுற்றி இருந்ததா?

விடை கிடைத்தது, அட்டகாமாவின் வடக்கே சஹ்னந்தோர் பீடபூமியில். உயரம் 5,000 மீட்டர். மூச்சு வாங்கும் இடம். இங்கே 66 ஆன்டெனாக்கள் ஒரே டெலஸ்கோப்பாக வேலை செய்கின்றன. பெயர் 'அல்மா'. சுமார் மைனஸ் 250 டிகிரி குளிரில் கிடக்கும் தூசி கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய ரேடியோ அலைகளை மட்டும் அனுப்பும். காற்றின் ஈரப்பதம் அதையும் விழுங்கிவிடும். ஈரமே இல்லாத இந்த உயரத்தில் அது தப்பி வந்து சேர்கிறது.

2014-ல் வெளியான அல்மா படத்தில், தூசி வெடிப்பின் நடுமையத்தில் குவிந்திருந்தது. ஆக, அது அங்கேயே பிறந்த தூசி!

ஆனால், வெளியிலிருந்து உள்நோக்கித் திரும்பும் அதிர்ச்சி அலை அதில் ஒரு பகுதியை அழிக்கக்கூடும். எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான் ஆன்டெனாக்கள் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

போக ஆசையா? சான் பெட்ரோ டி அட்டகாமாதான் பக்கத்து ஊர். பொதுமக்களுக்கு அனுமதி 2,900 மீட்டர் உயரத்தில் உள்ள அல்மாவின் அடிவார மையம் வரைதான். முன்பதிவு அவசியம்!