ஒரு பக்கத்தில் நான்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

நம்மவர்க்கு எழுத்து என்றாலே மனுதான். வருமானச் சான்றுக்கு மனு, முதல் பட்டதாரிச் சான்றுக்கு மனு, விடுதியில் இடம் வேண்டி மனு. பள்ளிப் பருவம் தொட்டு இன்றுவரை என்னைப் பற்றி நான் எழுதியவை யாவும் 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி, 'கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்தவையே. நடுவில் வீட்டின் வறுமை வரும். அது வராத மனு மேசையை விட்டு நகருமா என்பது ஐயமே!

இப்படிப் பழகிய கைகளுக்குப் பெருநகரத்துப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் வேறொரு சோதனையை வைத்திருக்கின்றன. மதிப்பெண் பட்டியலோடு அவை நிற்பதில்லை. 'உம்மைப் பற்றி எழுதும். எதற்காக வர விரும்புகிறீர்?' என்று ஓர் இடத்தை வெறுமையாக விட்டுக் காத்திருக்கின்றன.

நம் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை நண்பர்கள் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். பெங்களூரில் 1934-இல் சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவற்றுள் ஒன்று. இளம் அறிவியல் மாணவரைத் தேர்ந்தெடுத்து, கோடையில் இரண்டு திங்கள் ஓர் அறிவியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய அனுப்புகிறார்கள். நாடெங்கிலுமிருந்து போட்டி. மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரை, அத்துடன் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஒரு கட்டுரை, இவைதாம் கேட்கப்படுபவை. நாளை முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ பெருநகரத்துக்குப் போக நினைப்பவருக்கு இது முதற் படி. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் அறிவிப்பை என் கையில் கொடுத்து, "போட்டுப் பார், அம்மா" என்றார்.

எங்கள் வீடு ரமணாசிரமத்தை அடுத்த தெருவொன்றில் இருக்கிறது. அம்மா செங்கம் சாலையோரம் பூக்கட்டி விற்கிறார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். குளிர்காலத்தில் வெளிநாட்டார் வரும்போது கையில் கொஞ்சம் காசு புரளும். சித்திரை வெயிலில் மயில்கள்தாம் மிஞ்சும். 'நான் யார்?' என்று கேட்டறியச் சொன்ன மகரிஷியைத் தேடி உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து கண்மூடி அமர்கிறார்கள். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அக்கேள்வி ஒரு விண்ணப்பப் படிவத்தின் மூலம், சொல் எண்ணிக்கை வரம்போடு, கடைசித் தேதியும் குறிக்கப்பட்டு வந்து சேர்ந்ததை எண்ணிச் சிரிப்பு வந்தது.

உதவ வந்தவர்கள் பலர். ஆட்சியர் அலுவலகத்தின் பக்கம் மனு எழுதும் பெரியவர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அவர் காசு வாங்காமலே எழுதித் தந்தார். 'ஏழைப் பூக்காரியின் மகள்' என்று தொடங்கி, படிப்பவர் கண் கலங்கும்படி முடித்திருந்தார். வானியலைப் பற்றி மட்டும் அதில் ஒரு சொல் இல்லை. வகுப்புத் தோழி ஒருத்தி கைப்பேசியில் செயற்கை அறிவைக் கேட்டாள். அரை நிமிடத்தில் வந்து விழுந்த ஆங்கிலத்தில் பிழையே இல்லை. சிறுவயது முதலே விண்மீன்கள் என்னைக் கவர்ந்தனவாம்! சிறுவயதில் என்னைக் கவர்ந்தவை ஆசிரமத்து மயில்களே என்பது அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு இரண்டையும் தமிழில் சொன்னேன். பூத்தொடுத்த கை நிற்கவில்லை.

"ஏன் கண்ணு, நம்ம வூட்டுக் கஷ்டத்தைப் படிச்சி அவங்க இன்னா பண்ணப் போறாங்க? நீ படிச்சதை எழுதேன்."

அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவள் என்பதும் உண்மைதானே? அதை மறைத்து எழுதினால் எழுதியவள் நானாக இருப்பேனா?

அப்போதுதான் கணித மேதை இராமானுசனின் கடிதத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். நம்மைப் போல் அவரும் ஓர் அரசுக் கல்லூரி மாணவர்தாம். கும்பகோணத்தில் ஆங்கிலத் தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்தவர். 1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் எழுதியதைச் சேர்க்கைக் கட்டுரை என்று எவரும் சொல்வதில்லை. எனக்கு அது அப்படித்தான் தோன்றுகிறது. தாம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் என்றும், ஊதியம் ஆண்டுக்கு இருபது பவுன்தான் என்றும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தாம் ஏழை என்பது கடைசியில் போகிற போக்கில் ஒருமுறை வருகிறது. இவ்வளவுதான் அவருடைய 'மனு'. மற்றவை எல்லாம் தேற்றங்கள்! ஏறத்தாழ 120 தேற்றங்கள் என்று ஆர்டி பின்னாளில் எழுதினார். இதற்கு முன் இராமானுசன் எழுதிய கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் உதவ முன்வரவில்லை. ஆர்டி உட்கார்ந்து படித்தார். 1914 மார்ச்சில் இராமானுசன் கப்பலேறினார். 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

அவரோடு என்னை ஒப்பிடும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் அளவு பிடிபட்டது. வீட்டைப் பற்றி இரண்டு வரி. மீதி இடம் முழுதும் நான் பார்த்தது, கணக்கிட்டது.

சரி, என்னிடம் என்ன தேற்றம் இருக்கிறது?

ஒன்று இருந்தது. முதலாண்டில், கார்த்திகைத் தீபத்தன்று, மலையுச்சித் தீபம் எவ்வளவு தொலைவுக்குத் தெரியும் என்று வகுப்பில் வாதம் எழுந்தது. சென்னைக்கே தெரியும் என்றான் ஒருவன். மலையின் உச்சி சுற்றுப்புறத் தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் என்று கொண்டேன். புவியின் ஆரம் 6400 கிலோமீட்டர். ஆரத்தையும் உயரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 87 கிலோமீட்டர் வருகிறது. சமதரையில் நிற்பவனுக்கு அதற்கப்பால் புவியின் வளைவே தீபத்தை மறைத்துவிடும். ஆகவே சென்னைக்காரர் தொலைக்காட்சியில்தான் பார்க்க வேண்டும்!

ஆனால் 87 கிலோமீட்டர் வரையிலும் உண்மையில் தெரிகிறதா? உறவினரை எல்லாம் அன்றிரவு தொலைபேசியில் பிடித்தேன். திருக்கோவிலூர் அத்தை மொட்டைமாடியில் ஏறி, "தெரியுதும்மா, பொட்டு வெச்சாப்பல" என்றார். விழுப்புரத்து மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் வீடு 87-க்குள்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டரில் காணும் ஒளி நாற்பது கிலோமீட்டரில் 1600-இல் ஒரு பங்காகிறது. போதாக்குறைக்குக் கார்த்திகை மாதத்து ஈரக்காற்றும் புகையும் வழியில் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? அதை என்னால் அளக்க முடியவில்லை, கருவி இல்லை.

பிறகு படித்தேன்: விண்மீன்களின் ஒளியை அளப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அடிவானத்துக்கு அருகில் உள்ள விண்மீனின் ஒளி அதிகமான காற்றைக் கடந்து மங்கி வருகிறது. இழந்ததைக் கணக்கிட்டுக் கூட்டினால்தான் உண்மை ஒளி தெரியும். நமக்கு அண்டையில் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் அன்றாடம் செய்யும் வேலை இது. 1988-இல் அங்கு கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு இராமானுசன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தை நடத்துவது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். எதற்காகப் பெங்களூர் போக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

படிவம் ஆங்கிலத்தில் கேட்டது. தமிழில் எழுதிவிட்டு மாற்றினேன். கொப்பரையும் காடாத்துணியும் ஒருவாறு ஆங்கிலமாயின. அத்தைதான் அடங்கவில்லை, ஆங்கிலத்தில் அவரும் சித்தியும் ஒருவரே! கடைசியில் உறவை நீக்கி, 'தென்கிழக்கே 35 கிலோமீட்டரில் ஒரு நோக்கர்' என்று எழுதினேன். இதை அத்தையிடம் சொன்னபோது, பட்டம் கிடைத்ததுபோல் மகிழ்ந்தார். 'என் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அம்மா பூ விற்கிறார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்' என்ற இரண்டு வரி முதலிலேயே நின்றது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது இருக்கட்டும்" என்றார்.

மிச்சமிருந்தது அப்பா. கோடை விடுமுறையில் நான் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவது வழக்கம். அந்தச் சம்பளம் வீட்டுக்கு வேண்டும். உதவித்தொகை அதை ஈடுசெய்யும் என்று கணக்குக் காட்டினேன். பெண்பிள்ளையைத் தனியாக அத்தனை தூரம் அனுப்புவதற்குக் கணக்கு ஏது? இரண்டு நாள் பேசாமலிருந்தார். மூன்றாம் நாள் இரவு, வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து, நேரே மலையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏம்மா, பெங்களூர்ல இருந்து பார்த்தா தீபம் தெரியுமா?"

தீபம் கார்த்திகையில், நான் போவதோ கோடையில் என்று சொல்ல வாயெடுத்துப் பேசாமல் தாளை எடுத்தேன். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கிருந்து 102, அங்கிருந்து 107, ஆக 209 கிலோமீட்டர் வருகிறது. நேர்க்கோட்டுத் தொலைவு அதைவிடக் குறைவு.

"கணக்குப்படி தெரியணும்ப்பா. ஆனா நடுவுல சவ்வாது மலை நிக்குது."

மறுநாள் விண்ணப்பத்தை அனுப்பினேன். முடிவு இன்னும் வரவில்லை.