பிளிமத் பாறையும் பாதி அதிரச மாவும்

பாஸ்டனிலிருந்து தெற்கே நாற்பது மைல் போனால் பிளிமத். தேங்க்ஸ்கிவிங் பிறந்த ஊர் என்று இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற ஊர். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒரு நடை கூட்டிப்போவது எங்கள் வழக்கம். போன வருஷம் அக்டோபரில் மாமியார் வந்திருந்தார். வழியெல்லாம் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன.

கடலோரத்தில் தூண் வைத்துக் கட்டிய ஒரு மண்டபம். எட்டிப் பார்த்தால் கீழே மணலில் ஒரு பாறை, மேலே 1620 என்று செதுக்கியிருக்கும். அவ்வளவுதான். "இந்தக் கல்லைப் பார்க்கவா இவ்ளோ தூரம்? நம்ம ஊரு மலைக்கோட்டை இதைப் பார்த்தா சிரிக்கும்!" என்றார் அத்தை. அவர் திருச்சிக்காரர்.

பாறைக்கு எதிரே உள்ள மேட்டில் வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாஸசாய்ட்டின் சிலை நிற்கிறது. 1970-லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பூர்வகுடி மக்கள் அங்கே கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். வந்தவர்களுக்கு அது விருந்து, மண்ணை இழந்தவர்களுக்கு அது இழவு. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அந்த மேட்டிலும் ஏறிவிட்டு வாருங்கள்.

1621-ல் நடந்த அந்த விருந்தைப் பற்றி, அதில் கலந்துகொண்ட எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. மாஸசாய்ட் தொண்ணூறு பேரோடு வந்தார், மூன்று நாள் சாப்பாடு, வந்தவர்கள் ஐந்து மான் வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். காட்டுப் பறவைகளும் இருந்தன. உருளைக்கிழங்கு மசியலோ பூசணி பையோ அன்றைக்குக் கிடையாது.

அப்படியானால் இன்றைய மேசை எங்கிருந்து வந்தது? பீன்ஸ் கேசரோல் 1955-ல் கேம்ப்பெல்ஸ் சூப் கம்பெனியின் சமையலறையில் பிறந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தலையில் மார்ஷ்மெல்லோவை உருக்கி ஊற்றுவதும் போன நூற்றாண்டுப் பழக்கம்தான். தேதிக்கும் இதே கதை. 1863-ல் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939-ல் ரூஸ்வெல்ட், கடை வியாபாரத்துக்கு நாள் போதவில்லை என்று ஒரு வாரம் முன்னால் தள்ளினார். பாதி மாநிலங்கள் ஒரு வியாழனிலும் மீதி அடுத்த வியாழனிலும் கொண்டாடின. நம் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று நடக்கிற சண்டை மாதிரிதான். 1941-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடித்துவைத்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிரான்பெரிக் கதை. பிளிமத்தைச் சுற்றிக் கிரான்பெரி வயல்கள். அறுவடைக்குத் தண்ணீர் கட்டிச் செடியை உலுக்குவார்கள். பழத்துக்குள் காற்றறை இருப்பதால் எல்லாம் மிதந்து, வயலே குங்குமம் கொட்டியது போலாகிவிடும். பழம் இவ்வளவு பக்கத்தில் கிடைத்தும் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி டப்பாவைத்தான் திறக்கிறார். டப்பாவின் வளையத் தடம்கூட அழியாமல் அந்த ஜெல்லியைத் தட்டில் கவிழ்த்து, வட்ட வட்டமாக வெட்டிவைப்பார். "ஏன் பாட்டி, பழமே கிடைக்குதே?" என்று கேட்டதற்கு, "எங்க அம்மா இப்படித்தான் வைப்பாங்க. இல்லேன்னா என் பசங்க கோவிச்சுப்பாங்க" என்றார்.

நாங்கள் அதே பழத்தில் ஊறுகாய் போடுகிறோம். நல்லெண்ணெய், கடுகு, வெந்தயப்பொடி, பெருங்காயம், மிளகாய்த்தூள். புளிப்பு நம்ம மாங்காய்க்குக் குறைந்ததில்லை. நாலு பேருக்கு முழு வான்கோழி எதற்கு என்று கோழி பிரியாணி செய்துவிடுவோம். தொட்டுக்கொள்ள ஊறுகாய், கடைசியில் அதிரசம்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு அதிரசமா? காரணம் இருக்கிறது. பெரியவள் ஒஹாயோவில் கல்லூரியில் படிக்கிறாள். தீபாவளிக்கு இங்கே பெரும்பாலும் விடுமுறை கிடையாது, அன்றைக்கு அவளுக்கு வகுப்பு இருக்கும், இல்லை பரீட்சை இருக்கும். முதல் வருஷம் வீடியோவில்தான் தீபாவளி. நாங்கள் புதுத்துணியில், அவள் நூலகத்தில். அன்றைக்குச் சுட்ட அதிரசம் யாருக்கும் இறங்கவில்லை. அவள் வீடு வருவது நவம்பர் கடைசியில், ஊரே வீடு திரும்புகிற அந்த வாரத்தில்தான்.

அதிரச மாவில் ஒரு சௌகரியம் உண்டு. வெல்லப்பாகு சேர்த்த மாவு ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. அதனால் இப்போது தீபாவளிக்குப் பாதியைச் சுடுகிறேன், மீதி அவள் வருகிற வரைக்கும் காத்திருக்கும்.

"தீபாவளி முடிஞ்சு இத்தனை நாள் கழிச்சு எண்ணெய்ச் சட்டியா?" என்று அத்தை முதலில் முனகினார். புதன் ராத்திரி பெட்டியோடு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, "மாவு வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். அத்தை பேசாமல் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

சம்பிரதாயம் என்பது எங்கோ கல்லில் செதுக்கி வைத்தது என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டில் அது டப்பா ஜெல்லி. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிற பாதி மாவு. உங்கள் பிள்ளைகள் ஊர் திரும்பும் நாளில் உங்கள் வீட்டு மேசையில் என்ன இருக்கப்போகிறது? இப்போதே கொஞ்சம் எடுத்துவையுங்கள்.