குறை சொல்ல வைக்கும் தொழில்

எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தின் செயற்கைக் கால் பட்டறைக்கு நான் போனது டோக்கன் எழுத. ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டில் இருந்தேன்; முகாம் என்றால் பந்தல், சாப்பாடு, பதிவு மேசை எல்லாம் எங்கள் பொறுப்பு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் என்று யாரோ சொல்ல, பட்டறை மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அரம் புடிக்கத் தெரியுமில்ல கண்ணு? உள்ள வா" என்றார். அப்படித் தொடங்கியதுதான் இந்தத் தொழில்.

வருகிறவர்களில் லாரியில் அடிபட்டவர்கள், ரயிலில் கால் போனவர்கள் உண்டு. சர்க்கரை நோயில் புண் ஆறாமல் காலை எடுத்தவர்கள் அதிகம். பீடி குடித்தே ரத்தக்குழாய் அடைத்துப்போனவர்களும் வருவார்கள். பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள். கட்டையை ஊன்றி நடந்துவிடலாம்தான். ஆனால் இரண்டு கையும் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் தறி ஓட்டுவது யார், பிள்ளையைத் தூக்குவது யார்?

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு அளவெடுப்பதுதான் முதல் பாடம். மீந்திருக்கும் காலை 'ஸ்டம்ப்' என்போம். அதில் ஈரமான துணி உறையை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களைக் காப்பியிங் பென்சிலால் வட்டமிட வேண்டும்: வெளிப்பக்கம் இருக்கும் சின்ன எலும்பு முண்டு, முன்னெலும்பின் விளிம்பு, அது முடியும் முனை. ஈரம் பட்டதும் கோடு ஊதாவாகும். அதன்மேல் மாவுக்கட்டு. கட்டு இறுகுவதற்குள் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கிருக்கும் தசைநார் உடம்பின் பாரத்தைத் தாங்கும். ஸ்டம்பின் முனை தாங்காது.

மாவுக்கட்டை உருவி, அதற்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். ஊதா வட்டங்கள் உறையிலிருந்து கட்டுக்கும், கட்டிலிருந்து அச்சுக்கும் ஒட்டி வந்திருக்கும். பாரம் தாங்கும் இடத்தை அரத்தால் ராவிக் குறைக்கவேண்டும். வட்டமிட்ட இடத்தில் கரைசலை அப்பி மேடாக்கவேண்டும். அச்சில் மேடு என்றால், ஸ்டம்ப் நுழையும் கூடான சாக்கெட்டில் பள்ளம். எலும்பு உரசாமல் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். நூல் பிசகாமல் இரும்பை அளந்து பழகிய எனக்கு, எடுத்த அளவிலிருந்து வேண்டுமென்றே விலகு என்று சொல்லும் வேலை புதிதாக இருந்தது. எவ்வளவு விலகுவது என்பது விரலுக்குத்தான் பிடிபட வேண்டும். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு அச்சைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பார்.

சாக்கெட் செய்ய எச்.டி.பி.இ. குழாய், தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அதே வகைதான். அடுப்பில் நெகிழவைத்து அச்சின்மேல் இழுத்துப் போர்த்த இரண்டு பேர் வேண்டும். மேலே கட்டிக்கொள்ளத் தோல் பட்டை, அடியில் ஜெய்ப்பூர் பாதம்.

அந்தப் பாதம் 1968-ல் உருவானது. ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் சேர்ந்து செய்தது. அதுவரை இருந்த மேல்நாட்டுப் பாதங்களுக்கு ஷூ வேண்டும். சம்மணமிட முடியாது, குத்துக்காலிட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. ரப்பருக்குள் ஸ்பாஞ்சும் மரமும் வைத்து அவர்கள் செய்த பாதம் எல்லாப் பக்கமும் வளையும். வெறுங்காலோடு வயலில் நடக்கும். சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. ஆனாலும் ஆரம்பத்தில் அந்தப் பாதம் போய்ச் சேர்ந்தது வெகு சிலருக்கே. 1975-ல் டி.ஆர். மேத்தா பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியைத் தொடங்கி இலவசமாகப் பொருத்த ஆரம்பித்த பிறகே அது ஏழைகளை எட்டியது. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் மண்டபம் பிடித்து முகாம் நடத்தியதில் ஊர் ஊராகப் பரவியது. நடனக் கலைஞர் சுதா சந்திரன் ஜெய்ப்பூர்க் காலோடு ஆடிய 'மயூரி' படத்தைச் சொல்லிக்கொண்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

இவ்வளவும் கை பழகினால் வந்துவிடும். எனக்குச் சிரமமாக இருந்தது அதற்கு அடுத்த கட்டம். புதுக்கால் மாட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து வருகிறவரிடம் "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்குதுங்க." காசு கொடுத்துச் செருப்பு வாங்குகிறவர் நாலு ஜோடியைத் தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுப்பார். இலவசமாகக் கால் வாங்குகிறவர் வாய் திறப்பதில்லை. கொடுத்தவர்கள் மனசு நோகுமே என்ற தயக்கம். குறை சொன்னால் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம்.

மாஸ்டர் அந்தக் கேள்வியையே கேட்க மாட்டார். வலிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார். விசைத்தறியில் வேலை பார்த்த ஓர் அம்மா, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். "வீட்டுல தண்ணி தூக்குவீங்கல்ல? அந்தக் கொடத்த எடுங்க பாக்கலாம்" என்றார் மாஸ்டர். குனிந்த அம்மாவின் உதடு மடங்கியது. காலைக் கழற்றச் சொன்னார். எலும்பு முண்டின்மேல் தோல் சிவந்திருந்தது. பத்து நிமிடத்தில் மறைகிற சிவப்பென்றால் கவலையில்லை, இது மறையவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த லிப்ஸ்டிக்கை எடுத்து அந்த இடத்தில் தடவி, காலை மறுபடி மாட்டி நடக்கவிட்டார். கழற்றியபோது சாக்கெட்டின் உள்ளே உரசும் இடத்தில் சாயம் ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் சூடுகாட்டி வெளியே தள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

மறுபடி மாட்டியதும், "இப்ப எங்க வலிக்குது?" என்றார்.

"முட்டிய மடக்கறப்ப பின்னாடி விளிம்பு கீறுதுங்க. பட்டையும் கொஞ்சம் நீளமா இருக்குது."

மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பத்தான் கால் அவங்களுதாகுது" என்றார்.

இந்தப் பாடம் பட்டறைக்குள் மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. சேவைச் சங்கங்களுக்கு வழங்கும் நாள் முக்கியம்: மேடை, சால்வை, சங்கத்தின் மாவட்ட ஆளுநர், குழுப் படம். புதுக்காலுக்கு நன்கொடை தர ஆள் கிடைக்கும். பழைய காலைச் சரிசெய்யப் பணம் கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். ஆனால் முதல் ஆண்டிலேயே ஸ்டம்ப் சுருங்கும். சாக்கெட் தளரும், புண்ணாகும். பஸ்ஸுக்குக் காசில்லாதவர் காலைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டுக் கட்டையை எடுத்துக்கொள்வார். நம் பதிவேட்டில் மட்டும் அவர் 'பயனாளி'யாகவே இருப்பார்.

மாஸ்டர் சங்கக் கூட்டங்களில் இதைச் சலிக்காமல் சொல்லிவந்தார். இப்போது பழுதுபார்க்கத் தனி நிதி இருக்கிறது. மறுபடி வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவும் உண்டு. வராதவர்களை ரோட்டராக்ட் பிள்ளைகள் போனில் கூப்பிடுகிறார்கள். "கால் நல்லா இருக்குதா?" என்று கேட்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. "நேத்து கால மாட்டிட்டு எங்கெங்க போனீங்க?" என்று கேட்க வேண்டும். பதில் இழுத்தால், அந்த வீட்டுக்கு நேரில் போகவேண்டும்.

முகாம் எப்படி நடந்தது என்று சங்கத்தில் கேட்கும்போது, எத்தனை கால் கொடுத்தோம் என்பதைச் செயலாளர் படிப்பார். அதற்குப் பிறகு நான் எழுந்து, திரும்பி வந்தவர்கள் சொன்ன குறைகளை வாசிக்கிறேன். இந்த வெயிலில் அதிகம் வந்த குறை, தோல் பட்டை வேர்வையில் விறைத்துப்போகிறது என்பது. வேறு பட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.