பெத்தவங்களுக்கும் ஒரு பயிற்சி!

'பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே பித்து!

ஏழாம் வகுப்பில் சிறுமலை அடிவாரத்தில் எனக்கு மூன்று நாள் சாரணர் முகாம். முதல் நாள் ஜாலியாகத்தான் இருந்தேன். மறுநாள் மதியம் அப்பாவும் அம்மாவும் தூக்குச்சட்டியில் பிரியாணியோடு வந்து நின்றார்கள். அம்மா முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், 'ஓ'வென்று அழுது அவர்களோடு பஸ் ஏறிவிட்டேன். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் என் பெயர் 'பிரியாணி'!

இந்தக் கோடையில் தம்பிக்கு என்.சி.சி. முகாம், 10 நாள். வயது 13. இன்னும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துத்தான் தூங்குவான். "வேணாம்னு சாருக்குச் சொல்லிடுடா" என்றார் அம்மா. நான் விடவில்லை.

ஒரு மாதம் முன்பே பயிற்சி தொடங்கியது. நிலக்கோட்டை அத்தை வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினான். காலை 5 மணிக்குப் பச்சைத் தண்ணியில் குளியல். தட்டு கழுவ, பனியன் துவைக்க, ஷூவுக்குப் பாலிஷ் போடக் கற்றுக்கொண்டான். துணிகளின் உள்பக்கம் பெயர் தைத்தோம். பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, பெட்டிக்குத் தன் கையாலேயே பூட்டு செய்தார்.

தம்பி தயார்! பெத்தவங்கதான் பாக்கி. அவர்களுக்கு மூன்று சட்டம் போட்டேன். ஒன்று, "பிடிக்கலைன்னா சொல்லு, வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் முதல் ராத்திரியே அவன் மனசு வீட்டுக்கு வழி தேடும். இரண்டு, போனில் "அழுதியா?" என்று கேட்கக்கூடாது, "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்றுதான் கேட்க வேண்டும். மூன்று, நேரில் போகவே கூடாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாரின் போனில் பேசினான். குரல் கம்மியிருந்தது. போனை வைத்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வாசலை மறித்தேன்.

"அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா நான் இருந்திருப்பேன்ப்பா."

இத்தனை வருஷம் சொல்லாத வார்த்தை. அப்பா ஒன்றும் பேசவில்லை. மெதுவாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

1907-இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் 20 பையன்களை முகாமுக்கு அழைத்துப் போனார். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் நாட்டில் என்.சி.சி. 1948-இல் வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு எத்தனை அம்மாக்கள் இப்படி முழித்துக் கிடந்தார்களோ!

பத்தாம் நாள் கறுத்து, இளைத்து வந்து சேர்ந்தான். "மூணாம் நாள் போர்வைக்குள்ள அழுதேண்ணே. அப்பா வந்திருந்தா அப்பவே வந்திருப்பேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். சாப்பிட்டு முடித்ததும் அம்மா வழக்கம்போல் அவன் தட்டுக்குக் கை நீட்டினார். "நானே கழுவிக்கறேம்மா" என்று எழுந்து போனான். அம்மாவின் கை அப்படியே நின்றது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தம்பி, தங்கை முகாமுக்குக் கிளம்பலாம். பெட்டியை அவர்களே கட்டட்டும். நீங்கள் அப்பா, அம்மா பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்!